ஆர்தர் வீட்டுச் சுவரில் கரி சீராகப் பரவிய விதம்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஸ்கெலட்டன் லைனின் கடைசி வீடு ஆர்தருடையது. ஆர்தருடையது என்பது ஒரு பேச்சுக்குத்தான். வீடு கம்பெனியுடையது, கம்பெனி சர்க்காருடையது, சர்க்கார் யாருடையது என்பது அந்த லைனில் யாருக்கும் தெரியாது. ஷிப்டுக்கு இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கு கொடுப்பதும், ஏறி வந்தவர்களிடம் அதைத் திரும்ப வாங்கி வைப்பதும் சுரங்கத்து விளக்கு அறையில் ஆர்தருடைய வேலை. 2001 பிப்ரவரியோடு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதன்பின் இறங்கவும் ஆளில்லை, ஏறவும் ஆளில்லை. ஆர்தர் வீட்டில் உட்கார்ந்தார். வீட்டை ஓட்டியது அவர் மனைவி சில்வியாவின் தையல் மிஷின்.

அந்த மிஷினுக்கு நேர் மேலேதான் விரிசல் இருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் பூமிக்குள் ராக் பர்ஸ்ட் ஆகி, பாறை வெடித்து, மேலே லைன் முழுக்கக் குலுங்கியபோது மேற்குச் சுவரில் விழுந்தது அது. மழை பெய்தால் தண்ணீர் அதன் வழியாக வந்து சில்வியா தைத்துக்கொண்டிருக்கும் துணியில் இறங்கும். ஆர்தர், லைன் வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் ஆபீசுக்கு நடந்து நடந்து சொல்லிப் பார்த்தார். கம்பெனி இருந்த காலத்தில் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். கம்பெனி மூடிய பிறகு, ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லவும் அங்கே ஆளில்லாமல் போனது.

இந்தச் சமயத்தில்தான் கரி ஆபீசிலிருந்து மாணிக்கராஜ் வந்தார்.

கரி ஆபீஸ் என்பது ஊர் வைத்த பெயர். பக்கத்துச் சுரங்கப் பகுதியான நந்திதுர்க்கில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று காலியாகக் கிடந்தது. அதன் வாசலில் 'நடுவண் நுண்கரிப் பரவல் ஆராய்ச்சி நிலையம்' என்று மூன்று மொழிகளில் பலகை மாட்டி நாலு வருஷம் ஆகியிருந்தது. மாணிக்கராஜ் அதன் மக்கள் தொடர்பு அதிகாரி. ராபர்ட்சன்பேட்டைக்காரர், நல்ல மனுஷர், யாரையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். உள்ளே நடப்பது என்ன என்று ஆர்தருக்கு அவர்தான் விளக்கினார்.

தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கரிக்குழாய்கள் இருக்கின்றனவாம். தனியாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது. கும்பலாகச் சேர்ந்தால் அடுப்புக் கரி மாதிரி கறுப்பாகத் தெரியும். அதைச் சிமெண்டிலோ பிசினிலோ ஒரே சீராகக் கலந்துவிட்டால் இரும்பே தோற்றுப்போகிற உறுதி வருமாம். கலப்பதில்தான் கஷ்டம். அந்தக் குழாய்களுக்கு ஒன்றைவிட்டு ஒன்று பிரிய மனசு வராது. தண்ணீரில் போட்டாலும் கட்டி, எண்ணெயில் போட்டாலும் கட்டி. அவற்றைப் பிரித்துவைக்கத்தான் நிலையம். அதற்காக நிலையத்தையே நாலு பிரிவாகப் பிரித்திருந்தார்கள். ஒலியால் அதிரவைத்துப் பிரிக்கிறவர்கள் ஒரு பிரிவு, சோப்பு மாதிரி ஒன்றைப் போட்டு வழுக்கிப் பிரிக்கிறவர்கள் ஒரு பிரிவு, அமிலத்தில் ஊறவைத்துப் பிரிக்கிறவர்கள் ஒரு பிரிவு, உருளையில் இரும்புக் குண்டுகளோடு போட்டு அரைக்கிறவர்கள் ஒரு பிரிவு. கரி பிரிகிறதோ இல்லையோ, இந்த நாலு பிரிவும் நன்றாகப் பிரிந்திருந்தன. ஒரு பிரிவுக்காரர் இன்னொரு பிரிவுக்காரரோடு டீ குடிக்க மாட்டார்.

இப்போது டெல்லியிலிருந்து நிபுணர் குழு வரப்போகிறது, நிலையம் ஏதாவது ஒன்றைக் காட்டியாக வேண்டும், ஆகவே ஒரு மாதிரி வீட்டுக்குக் கரிச்சிமெண்ட் பூசுவதாக முடிவு செய்திருக்கிறார்கள் என்றார் மாணிக்கராஜ். லைனிலேயே மோசமான சுவர் ஆர்தர் வீட்டுச் சுவர் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆளில்லாத எஸ்டேட் ஆபீசிலிருந்து சம்மதம் மட்டும் வந்துவிட்டது. ஒத்துழைக்கிற குடும்பத்துக்கு, பின்னால் வீடுகளைக் குடியிருப்பவர்கள் பேருக்கு எழுதிக்கொடுக்கும்போது ஒரு கவனிப்பு இருக்கும் என்றும் சொன்னார்.

ஆர்தர் மறுத்திருக்கலாம். ஆனால் யாரும் அவரைக் கேட்கவில்லை, தெரிவித்தார்கள். விரிசல் அடைபட்டால் போதும் என்று அவருக்கு இருந்தது.

தொடக்க விழா லைன் முனையில் ஷாமியானா போட்டு நடந்தது. இயக்குநர் டாக்டர் சரத் ஆங்கிலத்தில் பேசினார். மாணிக்கராஜ் வரிக்கு வரி தமிழில் சொன்னார்.

"உங்க முன்னோருங்க நூறு வருஷமா இன்னா செஞ்சாங்க? ஒரு டன் பாறையில சீராப் பரவியிருந்த சில கிராம் தங்கத்தப் பிரிச்சுப் பிரிச்சு எடுத்தாங்க. தங்கமும் தீர்ந்துபோச்சு. நாங்க அதுக்கு நேர்மாறான காரியத்துக்கு வந்திருக்கோம். தங்கத்தவிட விலை அதிகமான ஒரு பொருள மண்ணுல கலந்து காணாம அடிக்கப்போறோம்."

கூட்டம் கைதட்டியது. இயக்குநர் சாதனைகளுக்கு வந்தார்.

"இந்த நிலையம் ஆரம்பிக்கும்போது, கரி ஒரே ஒரு விதத்துலதான் கலக்காம இருந்துச்சு. நாலு வருஷ உழைப்புக்கு அப்புறம், இன்னிக்கு அது நாலு விதத்துல கலக்காம இருக்கு. இவ்வளவு முறையா வேற எந்த நாட்லயும் அது கலக்காம இருந்ததில்ல."

நாலு சுவர், நாலு பிரிவு என்று அதே மேடையில் பங்கு போட்டார்கள். மேற்குச் சுவர் ஒலிப் பிரிவுக்கு. வாசல் சுவர் சோப்புக்கு. சமையல்கட்டுச் சுவர் அமிலத்துக்கு. பக்கத்து வீட்டுக் கோவிந்தனோடு பொதுவாக இருந்த சுவர் அரைப்புக்கு. கோவிந்தன் எழுந்து, அதில் பாதி தன் சுவராச்சே என்று கேட்டார். ஆர்தர் பக்கத்துப் பாதியில் மட்டும்தான் ஆராய்ச்சி நடக்கும் என்று அவருக்குப் பதில் கிடைத்தது.

முதலில் ஒலிப் பிரிவு வந்தது. நந்திதுர்க்கில் கரியைத் தண்ணீரில் போட்டு அதிரவைத்து, மை மாதிரி ஆனதும் பாட்டிலில் அடைத்து ஜீப்பில் கொண்டுவந்தார்கள். ஸ்கெலட்டனில் இறங்கும்போது கரி முழுக்க அடியில் உட்கார்ந்திருந்தது. ரோட்டுப் பள்ளம்தான் காரணம் என்றார் ஒருவர். ஜீப் போதுமான அளவு குலுங்காததுதான் காரணம் என்றார் இன்னொருவர். மறுநாள் ஒரு பியூன் பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்து வழி முழுக்க ஆட்டிக்கொண்டே வந்தார். அப்போதும் உட்கார்ந்திருந்தது. கடைசியில் எந்திரத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்து, தையல் மிஷினை நகர்த்திவிட்டு அங்கே வைத்தார்கள். அது கிளப்பிய கீச்சொலியில் லைன் நாய்களெல்லாம் கோரமண்டல் ஸ்டேஷனுக்குக் குடிபோயின. கரண்ட் போகும்போதெல்லாம் கரி மறுபடி ஒன்றுகூடிவிடும். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

அமிலப் பிரிவு வந்த வாரம் சில்வியா வெளியே வேப்பமரத்தடியில் சமைத்தாள். அரைப்புப் பிரிவுக்காரர்கள் மட்டும், தங்கள் கரி கட்டியே இல்லாமல் கலந்துவிட்டது என்று சந்தோஷமாக அறிவித்தார்கள். அரைத்த அரைப்பில் குழாயெல்லாம் உடைந்து வெறும் புகைக்கரியாகிவிட்டது, அது கலந்தாலென்ன கலக்காவிட்டாலென்ன என்று சோப்புப் பிரிவின் தலைவி டாக்டர் ஷைலஜா எழுத்து மூலமாகத் தெரிவித்தார். எழுத்து மூலமாகத்தான் அவர்கள் பேசிக்கொள்வார்கள்.

பூசி முடித்தபோது நாலு சுவரிலும் மிளகு தூவியது மாதிரி கறுப்புப் புள்ளிகள்.

"இன்னாங்க இது, சுவத்துக்கு அம்மை போட்ட மாதிரி கீது" என்றாள் சில்வியா.

விரிசல் அடைபட்டிருக்கிறதே என்றார் ஆர்தர். அது உண்மைதான். அன்று மட்டும் அவருக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

மறுநாள் மாணிக்கராஜ் வந்து சங்கடத்தோடு சில விஷயங்களைச் சொன்னார். இது இனிமேல் சுவர் இல்லை, ஆராய்ச்சிக்கான மாதிரி. மாதிரியில் ஆணி அடிக்கக்கூடாது. ஆகவே திருஇருதயப் படம், காலண்டர், கண்ணாடி மூன்றும் கட்டிலில் ஏறின. மாதிரிக்கு ஆவி ஆகாது. ஆகவே இட்லி ஊற்றக்கூடாது. சாயக்கூடாது. சத்தமாகப் பாடக்கூடாது என்று ஒலிப் பிரிவு தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் பாடுகிறவர் யாரும் இல்லையே என்றார் ஆர்தர். அப்படியே தொடருங்கள் என்றார் மாணிக்கராஜ்.

கரி எங்கும் சமமாகப் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அடுத்த கட்டம். வெளியிலிருந்து பார்த்தால் புள்ளி தெரிகிறது. உள்ளே எப்படி இருக்கிறது? துளை போட்டு, விரல் தடிமனுக்கு ஒரு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். ஒரு துண்டில் கட்டி இருந்தது, பக்கத்துத் துண்டில் இல்லை. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில்? அங்கேயும் எடுத்தார்கள். ஒவ்வொரு பிரிவும் தன் சுவரில் ஒரு துண்டும், மற்றவர்கள் செய்த தப்பைக் காட்ட மற்ற மூன்று சுவர்களிலும் பல துண்டுகளும் எடுத்தது. ஓட்டையை அடைத்தால் மாதிரி கெட்டுவிடும் என்பதால் அடைக்கவில்லை.

அரைப்புச் சுவரின் ஓட்டைகள் அந்தப் பக்கம் வரை போய்விட்டன. கோவிந்தன் வீட்டில் டிவி ஓடினால் ஆர்தர் வீட்டில் சுவரெங்கும் நீல ஒளி புள்ளி புள்ளியாக விழும். கோவிந்தன் ஒரு ஓட்டையில் வாயை வைத்து, ஆர்தரண்ணா, இன்னிக்குக் கருவாட்டுக் கொழம்பா என்று கேட்பார். ஆமாம் என்பார் ஆர்தர். ஒளிக்க ஒன்றுமில்லை.

ஒருநாள் ஆர்தர் துணிந்து இயக்குநரிடமே, இன்னும் எவ்வளவு எடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டார். டாக்டர் சரத் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். எங்கும் சமமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், எங்கும் பார்த்திருக்க வேண்டும். ஒரு இடத்தை விட்டாலும் அது விஞ்ஞானம் ஆகாது. மாணிக்கராஜ் இதைத் தமிழில் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஏப்ரல் கடைசியில் ஜெயம்மா வெள்ளை சாட்டின் துணியோடு வந்தாள். பக்கத்து லைன்காரி. பேத்திக்கு மே முதல் ஞாயிறு கோவிலில் புதுநன்மை, முதல்முறையாக அப்பம் வாங்கும் சடங்கு. அவள் மகனும் சுரங்கம் மூடியதில் வேலை போனவன்தான். பெங்களூரில் வாட்ச்மேன் வேலை பார்த்து இந்தத் துணியை அனுப்பியிருந்தான். சில்வியா கழுத்துக்கு லேஸ் வைத்து, இடுப்பில் சுருக்கு வைத்து, மூன்று அடுக்குப் பாவாடையாக அந்தக் கவுனைத் தைத்தாள். தைத்து முடித்ததை மாட்ட ஆணி இல்லை. நாற்காலி முதுகில் போட்டாள். வெயில் ஏறியதும் நாற்காலியை ஆர்தர் ஓரமாக நகர்த்தினார். கவுன் மேற்குச் சுவரில் உரசியது.

முதுகுப் பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். சில்வியா சத்தம் போட்டிருந்தால் ஆர்தருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். துவைக்கிற கல்லுக்கு எடுத்துப் போய் பார் சோப்பைப் போட்டுக் கசக்கினாள், கும்மினாள், அலசினாள், மறுபடி சோப்புப் போட்டாள். புள்ளிகள் போயின. ஆனால் வெள்ளையும் போயிற்று. கழுத்து லேஸைத் தவிர மேலிருந்து கீழ்வரை ஒரே சாம்பல் நிறம், புறா கழுத்து மாதிரி. எத்தனை முறை அலசியும் அதற்குமேல் அது மாறவில்லை.

ஆர்தர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபப்படுவது என்று முடிவு செய்தார். கவுனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு நந்திதுர்க்குக்கு நடந்தார். பழக்கமில்லாத காரியம் என்பதால் என்ன பேசுவது என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். உங்க கரியால ஒரு சின்னப் பொண்ணோட நல்ல நாள் கெட்டுப்போச்சு என்று ஆரம்பிப்பதாக இருந்தார்.

ஆரம்பிக்க விடவில்லை. கவரிலிருந்து கவுனை எடுத்ததும், வராந்தாவில் போய்க்கொண்டிருந்த டாக்டர் ஷைலஜா நின்றார். கிட்டே வந்தார். பாவாடையை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுல கட்டியே இல்ல" என்றார் மெதுவாக.

நிலையம் தொடங்கிய நாளிலிருந்து நடக்காத ஒன்று அப்போது நடந்தது. நாலு பிரிவுக்காரர்களும் ஒரே அறைக்குள் வந்தார்கள். கவுனை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தார்கள். ஒருவர் மாறி ஒருவர் குனிந்து பார்த்தார்கள். நூலுக்கு நூல் கரி ஒரே சீராக உட்கார்ந்திருந்தது. சோப்புப் போட்டதால்தான் என்றார் ஷைலஜா. கல்லில் கும்மியதால், அதாவது அதிர்வால் என்றது ஒலிப் பிரிவு. கசக்கியதும் ஒருவகை அரைப்புதானே என்றது அரைப்புப் பிரிவு. அந்தப் பெண்மணி கடைசி அலசலில் எலுமிச்சம்பழம் ஏதாவது பிழிந்தாரா என்று அமிலப் பிரிவு ஆர்தரிடம் ஆவலோடு கேட்டது. இல்லை என்றார் ஆர்தர். ஞாபகப்படுத்திப் பாருங்கள் என்றார்கள்.

டாக்டர் சரத் கத்தரிக்கோல் கேட்டார்.

"சார், அது ஜெயம்மா பேத்தியோட கவுன் சார்" என்றார் ஆர்தர்.

இயக்குநர் திரும்பிப் பார்த்து, அன்போடு ஆர்தரின் தோளில் கைவைத்தார். மாணிக்கராஜ் மொழிபெயர்த்தார்: "இனிமே அது நாட்டோட கவுன்."

சதுரம் சதுரமாக வெட்டி நாலு பிரிவும் பங்கு போட்டுக்கொண்டன. கழுத்து லேஸ் நைலான், அதில் கரி ஒட்டவில்லை. அதை மட்டும் கவரில் போட்டுப் பத்திரமாக ஆர்தரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். யோசித்து வைத்திருந்த வாக்கியத்தையும் அந்தக் கவரையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தார்.

டெல்லிக் குழு வருவதற்குள் கவுனையும் சுவரையும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள். அதற்குச் சுவர் முழுசாக வேண்டும். வியாழக்கிழமை லாரி வந்தது. நாலு சுவரையும் செங்கல் செங்கலாக அறுத்து, ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டி ஏற்றினார்கள். கூரைத் தகரம் தூணாக நட்ட பழைய தண்டவாளத் துண்டுகளின் மேல் நின்றதால் விழவில்லை. கதவையும் நிலையையும் தொடவில்லை, மரம் தங்கள் துறை இல்லை என்றார்கள். கோவிந்தன் தன் பாதிச் சுவரைக் கேட்டார். பாதியை மட்டும் பிரிக்கும் முறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றார்கள்.

சில்வியா மிஷினை விட்டு எழவில்லை. ஆண்டர்சன்பேட்டையில் கடன் சொல்லி வாங்கிவந்த சாட்டின் துணியில் இரண்டாவது கவுனைத் தைத்துக்கொண்டிருந்தாள். லாரி போன பிறகு, சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள்.

"வெளிச்சம் நல்லாத்தான் கீது" என்றாள்.

அவள் கேலியாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று கேட்க ஆர்தருக்குத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வெள்ளைக் கவுனில் மெழுகுவர்த்தியோடு பீடத்துக்கு நடந்தபோது, அவர் கோவிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவுனில் எங்காவது புள்ளி இருக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழு வந்தது, பார்த்தது, பாராட்டியது. சீராகப் பரவிய கரியின் முதல் மாதிரி என்று கவுன் துண்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஆர்தர் வீட்டுச் சுவர்கள் குளிர்சாதன அறையில் அடுக்கப்பட்டிருந்தன. அந்த அறை ஆர்தர் வீட்டைவிடப் பெரியது. விழாவில் ஆர்தரை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். தலைமை நிபுணர் பேசும்போது, ஒரு பொருளைச் சிதறடிப்பதில் இந்த நிலையம் காட்டிய ஈடுபாடு தன்னைக் கண்கலங்க வைத்தது என்றும், இவர்களிடம் எதைக் கொடுத்தாலும் அது ஒரே இடத்தில் இருக்காது என்ற நம்பிக்கை தனக்கு வந்துவிட்டது என்றும் சொல்லி, இன்னும் ஐந்து வருஷத்துக்கு நிதி அறிவித்தார்.

பிறகு ஆர்தரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக் உயரம் அதிகம். அவர் அண்ணாந்து கேட்டார்:

"சார், எங்க சுவத்த எப்ப சார் திருப்பிக் குடுப்பீங்க?"

முன்வரிசையில் டாக்டர் சரத் மாணிக்கராஜையே பார்த்துக்கொண்டிருந்தார். மாணிக்கராஜ் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. டெல்லிக்காரர் மேடைக்கு வந்து ஆர்தரைக் கட்டிக்கொண்டார். தன் கேள்விக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று ஆர்தர் நினைக்கவில்லை. அன்று மாலை சால்வையோடு வீட்டுக்கு வந்து, சீக்கிரம் சுவர் வந்துவிடும் போலிருக்கிறது என்று சில்வியாவிடம் சொன்னார்.

மாணிக்கராஜ் என்ன மொழிபெயர்த்தார் என்பதை விழாவுக்குச் சமைக்கப் போயிருந்த கோவிந்தனின் மைத்துனன் மறுநாள் வந்து சொன்னான். "நாட்டுக்காகச் சுவர் என்ன, கூரையையும் தருவேன்" என்று ஆர்தர் சொன்னதாக.

திங்கட்கிழமை காலை மாணிக்கராஜ் வந்தார். வலதுபக்கமாகவும் வந்திருக்கலாம், இடதுபக்கமாகவும் வந்திருக்கலாம். மாடுகள் அப்படித்தான் வந்துபோய்க்கொண்டிருந்தன. அவர் நேராக வந்து, தனியாக நின்றுகொண்டிருந்த கதவுக்கு முன்னால் நின்று மெதுவாகத் தட்டினார். மிஷினில் இருந்த சில்வியா அவரைப் பார்த்தாள். அவரும் சில்வியாவைப் பார்த்தார். இருவருக்கும் நடுவில் வெறும் காற்றுதான் இருந்தது. மறுபடி தட்டினார்.

ஆர்தர் கட்டிலிலிருந்து எழுந்துபோய், தாழ்ப்பாளை நீக்கி, கதவைத் திறந்தார்.

"வாங்க சார்" என்றார்.

மாணிக்கராஜ் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, நிலைவாசல் வழியாகக் குனிந்து உள்ளே வந்து, அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.